கொண்டியில் மாட்டிய நூல்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், அவர்களைப் பிடித்து உட்காரவைத்துச் சத்தியம் செய்துகொண்டிருக்க எனக்கு நேரமில்லை. வேண்டுமானால் மலையேறிப் போய் ஆவிப்பாறை எஸ்டேட்டில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கிற ஏழாம் லைனில் இறங்கி யாரைப் பிடித்தாவது கேட்டுப் பார்க்கட்டும், பால் ஊற்றுகிறவரிலிருந்து மாரியம்மன் கோயில் பூசாரி வரைக்கும் எல்லாரும் ஒன்றேபோலத்தான் சொல்வார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை பஸ்ஸில் அமலோற்பவம் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டபோது அவள் போட்டிருந்த ஸ்வெட்டரின் நூல்முனை வீட்டுக் கதவின் கொண்டியில் மாட்டிக்கொண்டது, பஸ் போயிற்று, கூடவே நூலும் போயிற்று, அறுபடவில்லை.

ஸ்வெட்டரைப் பின்னியவன் அவள் புருஷன் செபத்தியான். ஆம்பளை பின்னுவானா என்றால், பின்னுவான். கொழுந்து ஏற்றும் லாரி பின்னால் உருண்டு வந்து அவன் இடது காலைச் சுவரோடு சேர்த்து நசுக்கியபோது ஏழு மாசம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாவுக்கட்டோடு கிடந்தான். கிடந்தவன் சும்மா கிடக்காமல், ஓய்வு நேரத்தில் நர்ஸம்மா ஒருத்தர் ஸ்வெட்டர் பின்னுவதையே கண்கொட்டாமல் பார்த்துக் கேள்விமேல் கேள்வி கேட்டான், அந்த அம்மா தொல்லை தாங்காமல் இரண்டு ஊசியையும் ஒரு உருண்டை உல்லனையும் அவன் மடியில் போட்டுவிட்டுப் போனார். வீடு திரும்பியபோது கால் முன்னைப்போல இல்லை, ஆனால் கை புதிதாக வந்திருந்தது. குழாயடியில் சிரித்தார்கள், செபத்தியானுக்கு ரெண்டு வளையல் வாங்கிப் போடணும் என்றார்கள். அந்த வருஷம் தை மாசத்தில் தேயிலை கருகும்படி பனி கொட்டியபோது, சிரித்த வாய்களெல்லாம் ஒவ்வொன்றாக அவன் வாசலில் வந்து, எனக்கொரு காலுறை, பிள்ளைக்கொரு குல்லா என்று நின்றன. பிறகு பெண்களும் கற்றுக்கொண்டார்கள்; நாற்பத்திரண்டு வீட்டிலும் ஊசி புகுந்தது; கொழுந்து பறித்துவிட்டு வந்து ஸ்வெட்டர், காலுறை, வீட்டுக்குள் போட்டு நடக்கிற மெத்தென்ற கம்பளிச் செருப்பு என்று பின்னிக் குவித்து, சீசனுக்கு மலை பார்க்க வருகிறவர்களுக்கு விற்கக் கடைகளில் கொடுத்தார்கள்.

செபத்தியானிடம் ஒரு வழக்கம் உண்டு, ஸ்வெட்டரைக் கழுத்தில் தொடங்கி இடுப்பில் முடிப்பான். முடித்ததும் மிஞ்சுகிற நூல்முனையை மொட்டை ஊசியில் கோத்து ஏழெட்டுக் கண்ணிக்குள் நுழைத்து ஒளித்துவிட வேண்டும், அதைச் செய்யாவிட்டால் அது ஸ்வெட்டரே இல்லை என்று லைன் பெண்களை நாளைக்கு நாற்பது தடவை திட்டுவான். அப்படித் திட்டுகிற வாய்க்காரன், தன் பெண்டாட்டி ஸ்வெட்டரில் அதை மறந்தான். தேயிலை ஃபேக்டரி பாதி நாள் மூடிக் கிடந்தது, இவன் காலோ அப்படி; ரெண்டே வருஷம், கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிரும் என்று சொல்லி அவள்தான் கிளம்பினாள். பாலைவனத்துக்குப் போறவளுக்கு எதுக்குங்க ஸ்வெட்டர் என்று சிரித்தாள். 'அங்க ஏ.சி. போட்டு வீட்டை ஐஸ்பெட்டி கணக்கா வச்சிருப்பாங்களாம், போட்டுக்க' என்று மாதுளம்பூ நிறத்தில் நாலு புரி உல்லன் வாங்கிப் பதினோரு நாள் பின்னினான். கடைசி வரிசையை அவன் அடைத்துக்கொண்டிருக்கும்போதே பஸ் ஹாரன் கேட்டது, அவள் அப்படியே தலைவழி மாட்டிக்கொண்டு ஓடினாள்.

பஸ் ஏற்றிவிட்டுக் காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்த செபத்தியான், தன் வீட்டு வாசலிலிருந்து சிவப்பாக ஒரு நூல் புறப்பட்டு, குழாயடி தாண்டி, தேயிலைச் சரிவு தாண்டி, ரோட்டு வளைவில் இறங்கிப் போவதைப் பார்த்தான். அவனுக்கு முதலில் வந்தது ஆச்சரியமில்லை, வெட்கம். யார் கண்ணிலும் படுவதற்குள் சுருட்டிவிடலாம் என்று இழுத்துப் பார்த்தான். இழுத்தால் கொஞ்சம் வந்தது, விட்டால் வந்த அளவே திரும்பிப் போயிற்று.

அதற்குள் அமலோற்பவத்தின் தங்கை ஞானசெல்வி கூடையோடு வந்துவிட்டாள். நூலைப் பார்த்தாள், கொண்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

'மச்சான், முனையை உள்ள சொருகலையா நீ?'

'சொருகலை.'

'எங்களைத்தான் வாய் கிழியத் திட்டுவ' என்றாள் அவள்.

மூன்றாவது வளைவிலேயே ஸ்வெட்டர் முழுக்கப் பிரிந்து அவள் வெறும் ஜாக்கெட்டோடு நிற்பாள் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். மத்தியானம் கோயம்புத்தூர் விமான நிலையத்திலிருந்து அமலோற்பவம் போன் செய்தாள். கீழே ஒரே ஒரு வரிசை பிரிந்திருக்கிறது, வேறொன்றுமில்லை, எல்லாரும் உள்ளே போகிறார்கள், நானும் போகிறேன் என்றாள். அவள் பறந்து போய் இறங்கின பிறகும் ஸ்வெட்டரில் ஒரு விரல்கடைதான் குறைந்திருந்தது. ஒரு ஸ்வெட்டருக்குள் எவ்வளவு நூல் இருக்கும் என்று தனக்குத் தெரியும் என்று செபத்தியான் நினைத்திருந்தான். அது தனக்குத் தெரியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டான்.

முதல் வாரம் எல்லாரும் வந்து வாய் பிளந்து பார்த்தார்கள், இரண்டாம் வாரம் அது பழகிப்போயிற்று. ஏழரை பஸ் ஓட்டுகிற போஜன் திருப்பத்தில் வண்டியை மெதுவாக்குவார், கண்டக்டர் இறங்கிக் கவட்டைக் குச்சியால் நூலைத் தூக்கிப் பிடிப்பார், வண்டி அடியில் புகுந்து போகும், அதற்கு ஆகிற இரண்டு நிமிஷம் பஸ்ஸின் நேரத்திலேயே சேர்ந்துவிட்டது. மின்கம்பம் நட வந்தவர்கள் குழியை ரெண்டடி தள்ளித் தோண்டினார்கள். அந்தோணியார் சப்பரம் அந்த இடத்தில் குனிந்து போயிற்று, மாரியம்மன் கரகமும் குனிந்து போயிற்று, இதில் யாருக்கும் யார்மேலும் வருத்தமில்லை. கொழுந்து பறிக்கிற பெண்கள் நூலுக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை பறித்தார்கள், ஒரு இலைகூட நூலில் உரசவில்லை. காட்டெருமைக் கூட்டம் தண்ணீருக்கு இறங்கும்போது நூலின் முன்னால் வந்து வரிசையாக நின்று, மூச்சு விட்டு, தலையைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு, சுற்றுவழியே போயிற்று. பிரசவ வலி கண்ட பெண்ணைக் கூட்டிவந்து நூலைப் பிடிக்கச் சொன்னார்கள், அந்தக் குழந்தை சுகமாகப் பிறந்தது, அதற்கப்புறம் வலி கண்டவர்களெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அங்கே நின்று பிடித்துவிட்டுத்தான் போனார்கள். லாரிக்காரர்கள் கீழேயிருந்து சேதி கொண்டுவந்தார்கள்: பாக்குத்தோப்புகளுக்குள் நூல் போகிறதாம், ரயில் கேட்டைத் தாண்டிப் போகிறதாம், கடற்கரையில் மீன்பிடிக்கிறவர்கள் தண்ணீர்மேல் சிவப்பாக ஒரு கோடு கிடக்கிறது, மீன்கள் அதுவரை வந்து திரும்புகின்றன என்கிறார்களாம்.

செபத்தியானுக்கு இந்தக் கதைகள் போதவில்லை, அவனுக்கு நூலே பேசியது. காலையில் கொண்டியில் நாலு சுண்டு சுண்டும், அவள் எழுந்துவிட்டாள். பத்து மணிக்கு நூல் நனைந்து சோப்பு வாசம் அடிக்கும், அவள் துணி துவைக்கிறாள். சில மத்தியானங்களில் நூல் இளஞ்சூடாக இருக்கும், அவள் கொஞ்சம் கண்ணயர்ந்திருக்கிறாள். அந்த நேரத்தில் அவன் ஊசிச் சத்தம்கூடக் கேட்காமல் பின்னுவான். கடல் தாண்டி, மணல் தாண்டி, யாரோ ஒரு சீமானின் வீட்டில் ஒருத்தி தூங்குகிறாள், அவளுடைய சூடு இங்கே தன் விரலில் ஏறுகிறது என்று நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு உடம்பு புல்லரிக்கும், யாரை நோக்கிக் கும்பிடுவது என்று தெரியாமல் கொண்டியையே கும்பிடுவான்.

வாரம் ஒரு தடவை போன் வரும். பதினாலாம் மாசம் வந்த போனில் அவள் குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

'ஸ்வெட்டர் பூரா பிரிஞ்சிருச்சுங்க. கழுத்துப் பட்டி மட்டும்தான் இருக்கு. அது பிரிய மாட்டேங்குது.'

'அது பிரியாது. அதை ரெண்டு நூல் சேர்த்துப் பின்னியிருக்கேன். நீ நல்லாருக்கியா?'

'பாஸ்போர்ட்டை எடுத்து வச்சிக்கிட்டாங்க. கதவை வெளிய பூட்டிட்டுப் போறாங்க. ரெண்டு வருஷம் இல்லையாம், அவங்க விடும்போதுதானாம்.'

அதோடு போன் துண்டித்தது. பிறகு வரவேயில்லை. காலையில் நூல் சுண்டவில்லை, சோப்பு வாசம் வரவில்லை, மத்தியானச் சூடு வரவில்லை. விரலை வைத்தால் ஒரு நடுக்கம் மட்டும் இருந்தது. செபத்தியான் ஞானசெல்வியைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கி அலுவலகம் அலுவலகமாக மனு கொடுத்தான். ஓரிடத்தில் ஒருவர் பொறுமையாகவே கேட்டார், கேட்டுவிட்டு, 'நூலெல்லாம் ஆவணம் ஆகாதுங்க, வேற ஏதாவது இருந்தா கொண்டாங்க' என்றார். வேறு எதுவும் அவர்களிடம் இல்லை.

மலை திரும்பி இரண்டு நாள் செபத்தியான் சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள் கை சும்மா இருக்க மாட்டாமல் ஊசியை எடுத்தான், வீட்டில் உல்லன் தீர்ந்திருந்தது, தான் என்ன செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கொண்டியில் மாட்டியிருந்த நூலை எடுத்துக் கண்ணி போட்டு ஒரு காலுறையைத் தொடங்கினான். ஒரு வரிசை, இரண்டு வரிசை. மூன்றாம் வரிசையில் கை நின்றது. நூல் வந்துகொண்டிருந்தது. இழுத்தால் திரும்பிப் போகிற நூல், பின்னினால் திரும்பிப் போகவில்லை; பின்னின கண்ணி பின்னின இடத்திலேயே நின்றது, அந்த முனையில் யாரோ ஒரு எட்டு எடுத்து வைத்தது இந்த முனையில் அவன் விரலுக்குத் தெரிந்தது. இன்னொரு வரிசை பின்னினான். இன்னொரு எட்டு. செபத்தியான் ஊசியை மடியில் வைத்துவிட்டு அழுதான், பிறகு பயந்துபோய் மறுபடி எடுத்துக்கொண்டான்.

நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் அன்று மத்தியானமே கூடினார்கள். கடல் தாண்டின தூரத்தை ஒரு ஆள் பின்னி முடிக்க முடியாது, நூலுக்கோ ஒரே முனைதான், ஆகவே விடியலிலிருந்து விளக்கு வைக்கும்வரை வீட்டுக்கு வீடு முறை வைத்துப் பின்னுவது என்று முடிவாயிற்று. ஊசி கைமாறும், கண்ணி நழுவாது. தொழிற்சங்கத் தலைவர் தங்கப்பாண்டி, அதுவரை ஊசியைத் தொட்டறியாதவர், நானும் ஒரு முறை எடுத்துக்கறேன் என்று வந்து உட்கார்ந்து இரண்டு நாளில் கற்றுக்கொண்டார். செபத்தியான் ஒன்றைத்தான் கெஞ்சிச் சொன்னான்.

'கையை இறுக்காதீங்க. ஊசிக்கும் கண்ணிக்கும் நடுவுல ஒரு நூல் போற இடம் இருக்கணும். நாம இழுக்கிறது அவ கழுத்துல இருக்கு.'

அன்றிலிருந்து ஏழாம் லைனில் யாரும் கோபத்தோடு ஊசியைத் தொடவில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை போட்ட வீட்டில் அன்றைய முறையை அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். மாதுளம்பூ நிறத்தில் காலுறைகள் வந்தன, செருப்புகள் வந்தன, ஸ்வெட்டர்கள் வந்தன. ஒன்றையும் விற்பதில்லை என்று சொல்லிக்கொள்ளாமலே தெரிந்திருந்தது. முதலில் குழந்தைகள் போட்டார்கள், பிறகு பெரியவர்கள், பிறகு போஜனும் கண்டக்டரும், கடைசியில் பனிக்காலத்துக் காலையில் பிரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கிற வரிசை முழுக்கச் சிவப்பாக நின்றது. வருகிற நூலைத் தொட்டே அவள் வருகிற வழி தெரிந்தது. ஒரு மாசம் நூலில் மணல் வந்தது, பின்னுகிறவர்கள் மடியை உதறினால் நரநரவென்று விழுந்தது. பிறகு ஈரமாக, உப்பாக வந்தது, நாற்பது நாளுக்கு மேல் உப்பு. அவள் கடல்மேல் நடக்கிறாளா, கடலுக்கடியில் நடக்கிறாளா என்று யாரும் கேட்கவில்லை. உப்புப் பூத்த காலுறையைக் காயப்போட்டுக்கொண்டு, இன்னிக்குக் காத்து பலமோ என்னவோ என்று மட்டும் பேசிக்கொண்டார்கள்.

ஞானசெல்வியின் கைதான் இறுகும். அவள் பின்னிய காலுறையைத் தரையில் வைத்தால் கால் இல்லாமலே நிமிர்ந்து நிற்கும், அவ்வளவு இறுக்கம். அக்கா அக்கா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே பின்னுவாள், சொல்லச் சொல்லக் கை இறுகும். ஒரு நாள் மத்தியானம் அவள் முறையில் நூல் கதவு நிலையில் உரசி நாலு புரியில் மூன்று புரி பட்டென்று தெறித்தது. மிச்சம் ஒரே புரி, மயிர் கனம். அவள் ஊசியைப் பிடித்தபடி உறைந்துபோனாள். செபத்தியான் நொண்டிக்கொண்டே வந்து, அறுந்த புரிகளைச் சேர்த்துப் பிடித்து, உள்ளங்கையில் எச்சில் தொட்டு, இரண்டு கைக்கும் நடுவே வைத்துத் தேய்த்தான். உல்லன் நூலை முடிச்சில்லாமல் சேர்க்கிற விதம் அதுதான்: ஈரமும் சூடும் பட்டால் இழை இழையைப் பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரம் தேய்த்தான், உள்ளங்கை தோலுரிகிற வரைக்கும் தேய்த்தான். நூல் ஒட்டியது. பிறகு ஊசியை அவளிடமே கொடுத்தான்.

'வேண்டாம் மச்சான். நான் தொடல.'

'உன் முறை இன்னும் முடியல. மெதுவாப் பின்னு.'

அவள் பின்னினாள். அன்றைக்கு அவள் கை தளர்ந்தது தளர்ந்ததுதான், அப்புறம் இறுகவேயில்லை.

உப்பு நின்று செம்மண் புழுதி வரத் தொடங்கியதும், கரையேறிட்டா என்று லைன் முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். ஆனால் நூல் கனக்க ஆரம்பித்திருந்தது. கடலுக்கு முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஏறின கனம்தான், மேடேற மேடேற அது தாங்க முடியாததாயிற்று. ஒரு நிமிஷத்தில் முடிகிற வரிசைக்கு அரை மணி ஆயிற்று, விரல்களில் கொப்புளம் கட்டி உடைந்தது, ஒருவர் பின்ன இரண்டு பேர் பின்னால் நின்று நூலைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. நடுக்கமும் இல்லை, சூடும் இல்லை, கனம் மட்டும். எல்லாருக்கும் ஒரே நினைப்புதான் வந்தது, யாரும் வாய் திறக்கவில்லை. அந்த லைனில் வளர்ந்த ஆண்கள் அத்தனை பேரும் சறுக்கலில் பிணம் தூக்கி இறக்கினவர்கள். உயிரோடு இருக்கும்போது முதுகில் சுமந்த அதே உடம்பு செத்த பிறகு எவ்வளவு கனக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கடைசியில் தங்கப்பாண்டி சொன்னார். சொல்ல வேண்டியவராக இருந்ததால் சொன்னார்.

'செபத்தியான், நடக்கிறவ இவ்வளவு கனக்க மாட்டா.'

'தெரியும் தலைவரே.'

ஞானசெல்வி கத்தரிக்கோலைக் கையில் வைத்திருந்தாள், எப்போது எடுத்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. 'வெட்டிரலாம் மச்சான்' என்றாள். 'கல்லு முள்ளு மேலல்லாம் அவளை இழுத்துக்கிட்டு வர்றோம். கழுத்துல கட்டி இழுத்துக்கிட்டு வர்றோம். எங்க இருக்காளோ அங்கயே கிடக்கட்டும். என்னால முடியல.'

செபத்தியான் நூலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான், அன்று காலையில் பெய்த மழைபோலச் சில்லென்று இருந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளவும் இல்லை. எல்லாரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

'உயிரோட இருந்தா நடந்து வரட்டும்' என்றான். 'இல்லேன்னா நம்ம மண்ணுல கிடக்கட்டும். பாதி வழியில விட்டுட்டு நான் இந்த வீட்டுல எப்படிப் படுப்பேன்? கத்திரியைக் கீழ வை செல்வி. பின்னு.'

அவள் கத்திரியைக் கீழே வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊசியை வாங்கிக்கொண்டு, ஒரு நூல் போகிற இடம் விட்டுப் பின்னினாள்.

ஆனி மாச மழையில் மலை ரோட்டில் இரண்டு இடத்தில் மண் சரிந்து பஸ் ஐந்து நாள் வரவில்லை, கீழேயிருந்து எந்தச் சேதியும் இல்லை. ஆறாம் நாள் புதன்கிழமை காலை பத்து மணிக்கு, மஞ்சு இறங்கிக் குழாயடிகூடத் தெரியாமல் வெள்ளையாக நின்றபோது, நூல் அதிர்ந்தது. ஒரு அதிர்வு இல்லை, பல அதிர்வு. ஞானசெல்வி வாசலில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள், நிறுத்தினால் நழுவிவிடும் என்று நிறுத்தாமல் பின்னினாள், மற்ற எல்லாரும் ரோட்டுக்கு ஓடினார்கள், செபத்தியானும் தன்னால் ஆனமட்டும் ஓடினான்.

மஞ்சுக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். கறுப்பு அங்கி, வெறுங்கால், இரண்டு கையாலும் நூலைப் பிடித்துக்கொண்டு, கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டு நடந்து வந்தாள். செபத்தியான் எட்டிப் பார்த்தான். அமலோற்பவம் இல்லை. முன்பின் பார்த்தறியாத முகம்.

அவளுக்குப் பின்னால் இரண்டடி விட்டு இன்னொருத்தி, குட்டையாக, ஏதோ ஒரு பாஷையில் முணுமுணுத்துக்கொண்டு. அவளும் இல்லை. மூன்றாவதாக வந்தவளுக்கு அமலோற்பவத்தின் உயரம், அவன் வாயைத் திறந்தான், அவளும் இல்லை. நாலாவது வந்தவள் சின்னப் பெண், உதடு வெடித்திருந்தது. ஐந்து. ஆறு. ஒவ்வொரு உருவமாக வெள்ளைக்குள்ளிருந்து திரண்டு வரும்போது அவன் நெஞ்சு ஏறியது, முகம் தெரிந்ததும் இறங்கியது. நூலை ஒருத்தியும் விடவில்லை, வழியில் நிற்கிற ஜனத்தைப் பார்க்கக்கூட இல்லை, நடந்துகொண்டேயிருந்தார்கள். ஒன்பதாவது பெண்ணைப் பார்த்த பிறகு செபத்தியானால் முகம் பார்க்க முடியவில்லை. அவன் தரையைப் பார்த்தான். அவனைக் கடந்து போகிற கால்களை மட்டும் பார்த்தான், பாளம் பாளமாக வெடித்த கால்கள், மணலும் உப்பும் செம்மண்ணும் அடுக்கடுக்காக ஒட்டிக் காய்ந்த கால்கள்.

முதலில் தங்கப்பாண்டி குனிந்து தன் சிவப்புக் காலுறையைக் கழற்றினார். பிறகு பஸ் ஓடாததால் லைனிலேயே தங்கிவிட்ட போஜன், பிறகு ரோட்டோரம் நின்ற ஒவ்வொருவரும் கழற்றி, வருகிறவர்கள் காலருகே மண்டியிட்டுப் போட்டுவிட்டார்கள். அவர்கள் நடந்தபடியே காலைத் தூக்கிக் கொடுத்தார்கள். வாசல் போய்ச் சேர்ந்தவர்களின் விரல்களை நூலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

பிறகு யாரும் வரவில்லை. வெறும் மஞ்சு. நூல் மட்டும் விறைப்பாக, தரையிலிருந்து ஒரு ஆள் கழுத்து உயரத்தில், வெள்ளைக்குள் போய் மறைந்திருந்தது. ஞானசெல்வி பின்னுகிற ஒவ்வொரு கண்ணிக்கும் அது ஒரு விரல்கடை ஊர்ந்தது. எவ்வளவு நேரம் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. செபத்தியான் நிமிர்ந்து பார்த்தான்.

அமலோற்பவம் வந்தாள். பாதி உடம்பாகியிருந்தாள், தலை நரைத்திருந்தது, கழுத்தில் மாதுளம்பூ நிறத்தில் ஒரு பட்டி, அதிலிருந்துதான் நூல் புறப்பட்டிருந்தது. கைகள் இரண்டும் முன்னால் நீண்டிருந்தன, தனக்கு முன்னால் போகிறவளின் முதுகைத் தாங்கித் தள்ளிக்கொண்டே வந்த கைகள், தள்ள ஆளில்லாத பிறகும் இறங்காமல் நீண்டிருந்தன. செபத்தியான் அந்தக் கைகளுக்கு நேராகப் போய் நின்றான். அவனைக் கண்டுகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

'எல்லாரும் வந்தாச்சாங்க?' என்றாள். 'பூட்டின வீட்டுல இருந்தவளுங்க. நூலைப் பார்த்துட்டு ஒவ்வொருத்தியா வந்து பிடிச்சிக்கிட்டாளுங்க. எண்ணினீங்களா?'

'ஒம்பது வரைக்கும் எண்ணினேன்' என்றான் செபத்தியான். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை அவன். 'அதுக்கு மேல எண்ணல.'

அவள் அவனைக் கடந்து வாசலுக்குப் போனாள். உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருத்தியாகத் தலையைத் தொட்டு எண்ணினாள். பதினாறு. மறுபடி முதலிலிருந்து தொட்டாள். பதினாறு. தங்கை எழுந்து வந்து கட்டிக்கொண்டதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

'ஒருத்தி குறையுது' என்று சொல்லிவிட்டு, திரும்பி, ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

யாரும் தடுக்கவில்லை. தடுக்கக் கூடாது என்று செபத்தியானுக்குத் தெரிந்தது, தடுக்க வேண்டும் என்று அவன் உடம்பு முழுக்கக் கத்தியது. இத்தனை மாசம் வரிசை வரிசையாகப் பின்னிக் கொண்டுவந்து சேர்த்த பெண்டாட்டி, வாசல்படிகூட மிதிக்காமல் திரும்பிப் போகிறாள். அவன் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டான். 'இரு, நானும் வர்றேன்' என்று சொல்லி, நொண்டிக்கொண்டு அவள் பின்னாலேயே மஞ்சுக்குள் இறங்கினான்.

பத்தடி போயிருப்பார்கள்.

'அக்கா, நில்லு' என்று ஞானசெல்வி பின்னாலிருந்து கூப்பிட்டாள். 'அந்தச் சின்னப் புள்ள உள்ள அடுப்படியில இருக்கா. நிக்க முடியாம விழுந்துட்டா, பக்கத்து வீட்டுக்காரங்க தூக்கிட்டுப் போய் அடுப்புகிட்ட உட்கார வச்சதை நான் பார்த்தேன். டீ குடிச்சிக்கிட்டிருக்கா.'

அமலோற்பவம் நின்றாள். அவள் கைகள் அப்போதுதான் இறங்கின, நடுரோட்டில் ஈர மண்ணில் உட்கார்ந்து, கடலிலும் மணலிலும் அழாத அழுகையைச் சேர்த்து வைத்து வாய்விட்டு அழுதாள். செபத்தியான் ஊன்றுகோலைப் போட்டுவிட்டு, மடங்காத காலை நீட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

'பதினேழு' என்று அவனிடம் சொன்னாள். 'எல்லாரும் வந்துட்டாங்க. பதினேழு.'

செபத்தியான் தோலுரிந்து காய்த்துப்போன தன் உள்ளங்கையை அவள் தலைமேல் வைத்தான்.

'பதினெட்டு' என்றான்.